ராகேல் அக்காவின் பதினேழாம் கேள்வி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அருமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கம்ப்யூட்டர் சென்டருக்கு நகல் எடுக்க வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தாளை நீட்டுவார்கள். அப்படிப்பட்ட என்னை இந்த ஆயுசில் ஒரே ஒரு ஆள்தான் வாயடைக்க வைத்திருக்கிறார். அவர் பெயர் ராகேல். கீரிப்பாறை எஸ்டேட் பஸ் ஓட்டும் ராஜையன் அண்ணனின் மனைவி. சவூதியில் குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு 2008-இல் ஊரோடு வந்துவிட்டவர்.

ஊருக்கு வந்த பிறகும் அவர் நெஞ்சுப் பக்கம் சேலையில் தலைகீழாகத் தொங்கும் அந்த நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றவில்லை. சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் அவர் குனிந்து கடிகாரத்தைப் பார்ப்பார். போதகர் அதைப் பார்த்துவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுவார் என்று ஒரு கேலி உண்டு. எனக்கு அவரோடு அவ்வளவுதான் பழக்கம்.

2011-இல் எனக்கு ஒரு யோகம் அடித்தது. எர்ணாகுளத்தில் இருந்து ஒரு ஏஜென்ட் பேசினார். சவூதியில் புதிதாகத் திறக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்சுகள் வேண்டும். இன்டர்வியூவில் கணக்குதான் எல்லாரையும் கவிழ்க்கிறது. எவ்வளவு மருந்து, எத்தனை மில்லி, நிமிஷத்துக்கு எத்தனை துளி என்கிற கணக்கு. அதற்கு நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை வைத்து, தேறியவர்களின் பட்டியலை அனுப்புங்கள், அவர்களை நேராக இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறேன் என்றார். பதினைந்து பேராவது தேறினால் வருஷா வருஷம் உங்களுக்கே தருவேன் என்றும் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் அன்றைக்கே நர்சிங் பரீட்சைக்கென்று ஒரு பெயர்ப் பலகைக்குச் சொல்லிவிட்டேன்.

கேள்வித்தாள் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றை இலவசமாக இறக்கிக்கொண்டேன். அதில் பல வகைக் கேள்விகள் உண்டு. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கொடுத்தால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு குத்துவார்கள். அதனால் எண்ணை விடையாகக் கேட்கும் வகையை எடுத்தேன். பரீட்சை எழுதுகிறவர் கணக்குப் போட்டு எண்ணை அவரே தட்டவேண்டும். கேள்வி செய்கிறவர் மூன்று பெட்டிகளை நிரப்பவேண்டும். ஒன்று கேள்வி, இரண்டு விடை. மூன்றாவது, விடையில் இருந்து எவ்வளவு வரை விலகினால் சரி என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது. அந்த மூன்றாவது பெட்டியில்தான் என் பிழைப்பே மாட்டிக்கொண்டது.

கணக்குகளைச் செய்து தர ராகேல் அக்காவைக் கூப்பிட்டேன். வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். மூன்றாவது பெட்டியைக் காட்டி, "இதில என்ன எழுதணும் மக்கா?" என்றார்.

"எவ்வளவு தப்பு விடலாம்னு எழுதணும் அக்கா."

"தப்பு விடவா? யாருக்க உடம்பில?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டார் போல, போனால் போகட்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஒரு பெரிய துணிப்பையோடு வந்து நின்றார்.

பைக்குள் கடைச்சரக்கே இருந்தது. ஒரு மில்லி சிரிஞ்ச், ரெண்டு மில்லி, ஐந்து மில்லி, இன்சுலின் சிரிஞ்ச், இரண்டு வகை டிரிப் குழாய், மருந்து ஊற்றும் சின்ன பிளாஸ்டிக் கோப்பை. ஃபேன் மாட்டும் கொக்கியில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு, என் டீ தம்ளரைக் கீழே வைத்து, துளி துளியாக விழவிட்டார். நெஞ்சிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். நகல் எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

"அக்கா, கணக்கு கம்ப்யூட்டரிலயாக்கும் செய்யணும். இஞ்ச ஆஸ்பத்திரி நடத்துதியளா?"

"மிண்டாத இரி," என்றார். ஒரு நிமிஷம் முடிந்ததும் சொன்னார்: "கணக்குப்படி நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு ஏழு துளி வருது. புள்ளி ஆறு ஏழு துளி எங்கயாவது விழுமா? நாப்பத்திரெண்டு விழும். குழாயில உள்ள இந்த உருளைய விரலால நீக்கினா ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன போவும். அதில தப்பில்ல. இதுக்கு ரெண்டு போடு."

நான் ரெண்டு போட்டேன். அடுத்த கேள்விக்கு விடை ஒன்றேகால் மில்லி. அவர் ரெண்டு மில்லி சிரிஞ்சை எடுத்து என் கண் முன்னே பிடித்தார். "பாரு, இதில ஒண்ணேகாலுக்குக் கோடு உண்டா? ஒண்ணு புள்ளி ரெண்டுக்கும் ஒண்ணு புள்ளி மூணுக்கும் உண்டு. நடுவில நிறுத்தணும். அதனால ரெண்டு பக்கமும் அரைக்கோடு விடு. அதுக்கு மேல ஒரு இம்மி விடாத." இன்சுலின் கேள்வி வந்தது. அந்தச் சிரிஞ்சில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கோடு இருந்தது. "இதுக்குச் சைபர். கோடு தெளிவா கிடக்குல்லா? பின்ன என்னத்துக்கு விடணும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் எண்ணைப் பார்க்கவில்லை. அந்த எண்ணை வார்டில் எந்தக் கை எந்தச் சாமானால் அளக்கும் என்று பார்க்கிறார். கேள்வி எழுதும்போதே அவருக்கு அந்தக் கட்டில், அந்தக் குழந்தை, அந்தக் குழந்தையின் எடை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. பி.எஸ்ஸி. கணிதம் படித்த எனக்கு விடை என்றால் தாளில் கிடக்கும் ஒரு எண். அடேயப்பா, இத்தனை நாள் இந்த அம்மாவை நாம் பஸ் டிரைவர் வீட்டுக்காரி என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இருபத்தைந்து கேள்விக்குப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார். சில கேள்விகளை நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அவரே ஒற்றை விரலால் தட்டிச் சேர்த்துவைத்தார்.

அவ்வளவு வியந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல நாக்கு கூசுகிறது.

பரீட்சை எழுத, நர்சிங் படித்த பதினெட்டுப் பெண்கள் சேர்ந்திருந்தார்கள். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னால் இதே மாதிரிக் கேள்விகளால் ஒரு ஒத்திகை வைத்தேன். இருபத்தைந்துக்கு இருபது எடுத்தால்தான் தேர்ச்சி. நாலே பேர் தேறினார்கள். ஏஜென்ட் பதினைந்து கேட்டிருக்கிறார். ராகேல் அக்கா மயிலாடியில் தம்பியின் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போயிருந்தார். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எல்லாக் கேள்விகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மூன்றாவது பெட்டியில் பத்து சதமானம், அதாவது நூற்றுக்குப் பத்து விலகலாம், என்று போட்டுவிட்டேன்.

அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. எங்கள் அப்பாவுக்கு ரப்பர் பால் வாங்கும் கடை. பன்னிரண்டு வயதிலிருந்து நான் அங்கே நின்றவன். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று மிதக்கும் கருவியை விட்டுப் பார்ப்போம். முப்பத்திரண்டு என்று காட்டும், மறுபடி விட்டால் முப்பத்து நாலு காட்டும். மழை பெய்திருந்தால் இன்னொன்று காட்டும். கொண்டுவந்தவரும் சண்டைக்கு வரமாட்டார், நாங்களும் பிடிவாதம் பிடிக்கமாட்டோம். கொஞ்சம் அங்கே இங்கே விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை. அதே கையால்தான் மனுஷ உடம்புக்குப் போகும் மருந்துக்கும் விட்டுக்கொடுத்தேன்.

பரீட்சை முடிந்தது. எல்லாருக்கும் இருபதும் அதற்கு மேலும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் திரை முழுக்கச் சிவப்பு. பதினேழாம் கேள்வி. பதினெட்டில் பதினேழு பேருக்குத் தப்பு.

கேள்வி இதுதான். இரண்டு வயதுக் குழந்தை. இதயத்துக்கு டிகாக்சின் மருந்து 0.1 மில்லிகிராம் கொடுக்கும்படி டாக்டர் எழுதியிருக்கிறார். ஒரு மில்லி மருந்தில் 0.05 மில்லிகிராம் இருக்கிறது. இப்போது குழந்தையின் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 62. எத்தனை மில்லி கொடுப்பாய்?

ஸ்மிதா என்று ஒரு பெண். வாயாடி, கெட்டிக்காரி. எழுந்து நேரே வெள்ளைப் பலகைக்குப் போய் கணக்கைப் போட்டுக் காட்டினாள். "ரெண்டு மில்லி சார். இதில என்ன சந்தேகம்? உங்க விடைதான் தப்பு."

விடைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சைபர் என்று இருந்தது. பத்து சதமானம் விட்டும் ஏன் யாருக்கும் உதவவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. சைபரில் பத்து சதமானம் என்றால் அதுவும் சைபர்தானே. அக்கா ஒற்றை விரலால் தட்டியபோது கைதவறிப் போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். பதினெட்டுப் பெண்கள் முன்னால் விடை தப்பு என்று ஆனதில் எனக்கு முகம் கறுத்துவிட்டது.

கடைசி வரிசையில் பிரிஜா எழுந்தாள். கடற்கரைப் பிள்ளை, ரெண்டு பஸ் மாறி வருகிறவள். பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. அவள் மட்டும்தான் சைபர் தட்டியிருந்தாள். "பல்ஸ் அறுபத்திரெண்டு சார்," என்றாள்.

"கேள்வியில கேட்டது பல்ஸா, மில்லியாட்டி?" என்று நான் எரிந்து விழுந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்மிதா, "ஏட்டி, நீ கணக்குப் போடத் தெரியாம சைபர் போட்டிருப்ப," என்றாள். பிரிஜா உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சைபரை அழித்து ரெண்டு என்று மாற்றினேன். பதினேழு பேருக்கும் ஒரு மதிப்பெண் ஏறியது. பிரிஜாவுக்கு ஒன்று இறங்கியது. சரியாக இருபதில் இருந்தவள் பத்தொன்பதுக்கு வந்தாள். பதினேழு பெயர்கள் கொண்ட பட்டியலை அன்று மாலையே ஏஜென்டுக்கு மெயில் செய்தேன். பிரிஜா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வீட்டில என்ன சொல்லுவேன் சார்? அப்பன் வலையை வித்தாக்கும் என்னைப் படிக்க வச்சது," என்றாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னேன். அதுவே பெரிய தயவு என்று எனக்கு நினைப்பு.

மறுநாள் ராகேல் அக்கா பிரதிஷ்டை வீட்டுப் பலகாரத்தோடு வந்தார். முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "எத்தன பேரு தேறினாவ?" என்றார்.

"பதினேழு," என்றேன் பெருமையாக.

அவர் முகம் மாறிவிட்டது. மௌசை அவரே வாங்கி ஒவ்வொரு கேள்வியாகத் திறந்தார். மூன்றாவது பெட்டியில் பத்து, பத்து, பத்து என்று வந்துகொண்டே இருந்தது. பதினேழாவதைத் திறந்தார். ரெண்டு என்று இருந்ததைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"இதை யாரு மாத்தினது?"

"நானாக்கும். உங்களுக்குக் கை தவறிட்டு அக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகூட ரெண்டுன்னு சொல்லுமே."

"கை தவறேல்ல." அவர் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த மருந்து நெஞ்சடிப்பைக் குறைக்கும். ரெண்டு வயசுக் கொச்சுக்கு பல்ஸ் அறுபத்திரெண்டுன்னா ஏற்கெனவே ரொம்பக் குறவு. அப்பம் ஒரு சொட்டு குடுக்கப்பிடாது. மருந்தை மாத்திவச்சிட்டு டாக்டரை விளிக்கணும். அதாக்கும் விடை. சைபர்."

நான் வெள்ளைப் பலகையில் ஸ்மிதா போட்டிருந்த கணக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

"எம்பத்தொம்பதில சவூதியில ஒரு பயலுக்கு நான் குடுத்தேன் மக்கா. பல்சு பாத்துட்டுத்தான் வந்தேன். கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கினேன், அவசரம். அது கூடுதலா காட்டிட்டு. ரெண்டு மில்லி. கணக்கு சரி. அந்தப் பயலு கையில ஒரு சிவப்புக் காரு வச்சிருந்தான். அது கையிலருந்து கீழ விழுந்தது. மூணு நாளு மெஷின்ல கிடந்தான். பிழைச்சான், கர்த்தர் கிருபை. என்னை யாரும் ஒரு வார்த்த கேக்கேல்ல. கணக்கு சரியில்லா?"

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு மனுஷி ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்க ஒரு இடம் கிடைத்ததும் ஒற்றை விரலால் தட்டி வைத்திருக்கிறார். நான் அதை ஒரு நொடியில் அழித்துவிட்டேன்.

"சைபர் போட்டவ யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"ஒருத்தி உண்டு. பிரிஜா. தோத்துப் போனா."

அவர் பிரிஜாவின் விடைத்தாளைத் திறந்தார். அதில் ஐந்து விடைகள் காலி. தெரியாத கணக்குக்கு அவள் எதையும் தட்டவில்லை. தட்டிய இருபதும் புள்ளி பிசகாமல் இருந்தன. நான் விட்டுக்கொடுத்த பத்து சதமானத்தில் ஒரு துளிகூட அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. "தெரியாதத வெறும விட்டிருக்கா, பாத்தியா," என்றார் ராகேல் அக்கா. அதற்கு மேல் என்னைத் திட்டவும் இல்லை, இன்னது செய் என்று சொல்லவும் இல்லை. முந்திரிக்கொத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒவ்வொரு கேள்வியாகத் திறந்து அவர் போட்ட எண்களையே திரும்பப் போட்டேன். நல்லவேளை, அவர் பென்சிலில் எழுதிய தாள் என்னிடம் இருந்தது. பதினேழாவதில் சைபர் போட்டேன். நாலு பேர் தேறினார்கள். பிரிஜா அதில் ஒருத்தி. ஸ்மிதா பத்தொன்பதில் நின்றாள்.

ஏஜென்ட் போனில் குதித்தார். "நேற்று பதினேழு, இன்று நாலா? விளையாடுகிறீர்களா?" நான் சைபர் கதையைச் சொன்னேன். அவர் பாதியில் வைத்துவிட்டார். ரெண்டு நாள் கழித்து நாலு பேரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார். எனக்கு அத்தோடு கும்பிடு போட்டார். பட்டியலில் இருந்து விழுந்தவர்களின் வீட்டார் சென்டருக்கு வந்து கத்தினார்கள். ஸ்மிதா தனியாக வந்து, "எனக்கு சவூதி போச்சு சார். நீங்க நல்லாவே இருக்கமாட்டிய," என்று சொல்லிவிட்டுப் போனாள். நர்சிங் பலகை இறங்கியது. மறுபடியும் நகல், விண்ணப்பம், திருமணப் பத்திரிகை. பிரிஜா சவூதிக்குப் போனாள். அங்கே மூன்று வருஷத்தில் வார்டுக்குப் பொறுப்பாளி ஆனாள் என்று கேள்விப்பட்டேன்.

2016, ஜூன் மாதம். என் அம்மா லீலாபாய்க்கு நெஞ்சு படபடப்பு. பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தோம். ஒரு வாரமாக இதய மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஓங்கரிப்பு. "எல்லாம் மஞ்சளா தெரியுது மக்கா," என்றாள். "சுவருக்க பெயின்ட் மஞ்சளாக்கும், வயசாயிட்டு உமக்கு," என்று நான் கேலி செய்தேன்.

காலை மருந்து நேரம். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தாள். ஸ்மிதா. அவள் என்னைப் பார்த்தாள், தெரியாதவள் போல இருந்தாள். மாத்திரையைத் தட்டில் வைத்தாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நெஞ்சில் தொங்கிய கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். வராந்தாவில் யாரோ சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. பிறகு மாத்திரையை எடுத்துத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

"ஏன் குடுக்கல?" என்றேன்.

"நாப்பத்தாறு," என்றாள். "இண்ணைக்குச் சைபர் சார்."

டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அதே டிகாக்சின் மருந்து உடம்பில் தேங்கிவிட்டது என்றும், இன்னொரு மாத்திரை போயிருந்தால் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். மஞ்சளாகத் தெரிவதே அதற்கு அடையாளமாம். சாயங்காலம் வராந்தாவில் ஸ்மிதாவைப் பார்த்துக் கைகூப்பினேன். "கும்பிட வேண்டாம். எனக்க சவூதியை நீங்க தின்னது தின்னதுதான்," என்றாள். "அண்ணைக்கு வீட்டில போய் அந்தக் கணக்கைத்தான் ராவும் பகலும் பாத்துட்டு இருந்தேன். ஏன் சைபர், ஏன் சைபர்னு. பின்ன ராகேல் சிஸ்டருக்க வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். அவிய காரணம் சொன்னாவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான் ராகேல் அக்காவிடம் ஓடினேன். அவர் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். மஞ்சள் நிறம், நாற்பத்தாறு, உறைக்குள் போன மாத்திரை, ஸ்மிதா சொன்ன சைபர். அவர் மீனைக் கழுவுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு நிமிஷம் முழுசும் பிடிச்சாளா?"

"பிடிச்சா அக்கா. முழுசும்."

ராகேல் அக்கா கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கிணற்றுச் சுவரில் மெல்ல உட்கார்ந்தார்.